9 அங்குல மெஷினும் ஒரு பழைய ஃப்ரேமும்: வீட்டுலயே க்வில்ட்டிங் பழகறது பத்தி

கேள்வி சுருக்கமா இதுதான். மிஷிகன்ல வீடு, பேஸ்மென்ட் காலியா கிடக்கு, கையில ஒரு ஜுக்கி டிஎல் 2010க்யூ மெஷின் இருக்கு, துணியை ரெயில்ங்கற உருட்டுக்கட்டைகள்ல சுருட்டி இழுத்துப் பிடிக்கற 10 அடி மர ஃப்ரேம் ஒண்ணை யாரோ வித்து மலிவா கிடைச்சிருக்கு. அம்மாவோட பழைய காட்டன் சேலைங்களை வெட்டி 60க்கு 80 அங்குலத்துல ஒரு க்வில்ட் டாப், அதாவது மூணு அடுக்குப் போர்வையோட மேல் துணி, தைச்சு முடிச்சாச்சு. சாதா வீட்டு மெஷினை ஃப்ரேம்ல ஓட்டற இந்த ஷார்ட் ஆர்ம் செட்டப்புல க்வில்ட்டிங், அதாவது மூணு அடுக்கையும் சேர்த்து தைக்கறது, பழக முடியுமா, இல்ல காசு சேர்த்து லாங் ஆர்ம்ங்கற பெரிய க்வில்ட்டிங் மெஷின் வாங்கற வரைக்கும் காத்திருக்கணுமா?

காத்திருக்க வேண்டாம்ங்க, தாராளமா ஆரம்பிக்கலாம். ஆனா இந்த ஃப்ரேம் உங்களுக்கு எதைத் தரும், எதைத் தராதுன்னு தெரிஞ்சுகிட்டு ஆரம்பிங்க. பலபேர் இதை குட்டி லாங் ஆர்ம்னு நினைச்சு வாங்கி, நாலு மாசத்துல வெறுத்துப்போய் வித்துடறாங்க, உங்க கைக்கு இது வந்ததே அப்படித்தான் இருக்கும். இது குட்டி லாங் ஆர்ம் இல்ல. தரையில முட்டி போட்டு டாப், நடுவுல வைக்கற பஞ்சு விரிப்பான பேட்டிங், அடித்துணியான பேக்கிங் மூணையும் விரிச்சு நூத்துக்கணக்குல சேஃப்டி பின் குத்தற வேலையை இது ஒழிச்சுக்கட்டுது, அதுதான் இதோட பெரிய லாபம். அப்புறம் துணியோட கனம் முழுக்க ஃப்ரேம் தாங்கிக்குது, மெஷின் மட்டும் நகருது, அதனால தோள்பட்டை வலி கிடையாது. இடம்தான் தராது. அந்த இட விஷயத்தைத்தான் முதல்ல நல்லா மனசுல வாங்கிக்கணும், மத்ததெல்லாம் கை பழகப் பழக வந்துடும்.

மெஷினோட ஊசிக்கும் பின்னாடி இருக்கிற தூணுக்கும் நடுவுல இருக்கிற இடத்தைத்தான் த்ரோட்ங்கறோம். 9 அங்குல மெஷின்னு பேச்சுக்குச் சொன்னாலும் உங்க ஜுக்கில அது கிட்டத்தட்ட 8½ அங்குலம், பிரதர், ஜனோம் கம்பெனிகளோட நேர்த்தையல் மெஷின்லயும் ஏறக்குறைய இதே அளவுதான், லாங் ஆர்ம்ல 18 அங்குலத்துக்கு மேல போகும். சரி 8½ இருக்கே, 8 அங்குல டிசைன் போடலாமேன்னு தோணும். முடியாது, ஏன்னா தைச்சு முடிச்ச க்வில்ட் சுருண்டுகிட்டே போற அந்த டேக்-அப் ரெயில் இந்த த்ரோட்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. ரெயிலே 1½ அங்குலம்னு வச்சுக்கோங்க, ஊசியைச் சுத்தி துணியை அழுத்தற ஃபுட்டுக்கும் இடிக்காம நகரவும் ஒரு அங்குலம் போச்சு, ஆரம்பத்துல உங்களுக்கு மிஞ்சறது 6 அங்குலம். தைக்கத் தைக்க சுருள் பெருசாகும். மூணு அடுக்கும் சேர்ந்து அழுத்தினப்புறம் எட்டுல ஒரு பங்கு அங்குல கனம்னா, 80 அங்குல க்வில்ட் முழுக்க சுருண்டப்போ சுருளோட விட்டம் கிட்டத்தட்ட 3.9 அங்குலம் வரும், கடைசி வரிசைக்கு 3½ அங்குலம்தான் இடம். அதே க்வில்ட்டுக்கு பொசுபொசுன்னு கனமான பேட்டிங் போட்டு கனம் கால் அங்குலம் ஆச்சுன்னா சுருள் 5¼ அங்குலம், இடம் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. அதுல என்னத்த தைக்கறது? அதனால ஷார்ட் ஆர்ம்ல பேட்டிங் தேர்ந்தெடுக்கறது ருசிக்காக இல்ல, இடத்துக்காக. மெல்லிசான காட்டன், இல்ல 80க்கு 20 காட்டன் பாலியஸ்டர் கலந்தது, அதோட நிறுத்திக்கோங்க.

இன்னொரு வழியும் இருக்கு, இதை நிறையபேர் யோசிக்கறதே இல்ல. உங்க க்வில்ட் 60க்கு 80, ஃப்ரேம் 10 அடி. 80 அங்குலப் பக்கத்தை ரெயில் நீளத்துக்கு வச்சு லோட் பண்ணுங்க, அப்ப சுருளறது 60 அங்குலம் மட்டும்தான், கடைசியிலயும் 4 அங்குலத்துக்கு மேல இடம் இருக்கும், சுருட்டற தடவையும் குறையும். படுக்கையில விரிக்கறப்போ டிசைன் எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்னு மட்டும் பார்த்துக்கோங்க, மியாண்டர்ங்கற வளைஞ்சு நெளிஞ்சு போற கோடு மாதிரி எல்லாப் பக்கமும் ஒண்ணா ஓடற டிசைனுக்கு அந்தக் கவலையே இல்ல.

ஆக டிசைனை முதல் வரிசைக்கு இருக்கிற இடத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, கடைசி வரிசைக்கு எவ்வளவு மிஞ்சும்னு கணக்குப் போட்டு அதுக்குள்ள அடங்கற மாதிரி தேர்ந்தெடுங்க. உங்களுக்கு 3½ அங்குல உயரம் சரியா இருக்கும். மேல தாராளமா பெரிய சுழியா போட்டுட்டு கீழ வரவர நெருக்கிப் போட்டா தூரத்துல நின்னு பார்க்கறவங்களுக்குக்கூட அது தெரியும். பேட்டிங் கவர்லயே எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேணும்னு போட்டிருப்பான், சிலது 10 அங்குலம் வரைக்கும்கூட விடலாம்னு இருக்கும், உங்க அளவுல அதைப் பத்தி பயமே வேண்டாம்.

இப்ப ஃப்ரேம். பேஸ்மென்ட்னு சொன்னதால இதைச் சொல்லணும், பேஸ்மென்ட் கான்கிரீட் தரை பெரும்பாலும் தண்ணி வடியற குழி பக்கமா லேசா சரிஞ்சிருக்கும். ரசமட்டம் வச்சு நீளவாக்குலயும் குறுக்கவும் பார்த்து காலுக்கு அடியில கட்டை குடுத்து மட்டம் பண்ணிடுங்க. அப்புறம் மெஷினைச் சுமந்து ஓடற சக்கரத் தட்டான கேரேஜ் மேல மெஷினை வச்சுட்டு கையை எடுத்துடுங்க, அது தானா எந்தப் பக்கமும் உருளக்கூடாது. உருண்டுச்சுன்னா நீங்க தைக்கற ஒவ்வொரு வளைவும் அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டு போகும், உங்க கை சரியில்லன்னு நீங்க நினைச்சுக்குவீங்க. பழைய மர ஃப்ரேம்ல இன்னும் ரெண்டு பார்க்கணும், ரெயில் நடுவுல தொய்ஞ்சிருக்கான்னு ஒரு நூலை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டிப் பாருங்க, அப்புறம் கேரேஜ் சக்கரத்துல நூல் பிசிறு சுத்தியிருக்கான்னு பாருங்க. சக்கரத்துல ஒரே ஒரு நூல் துண்டு இருந்தாலும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சின்ன குலுக்கல் தையல்ல விழும். ஃப்ரேம் லேசா ஆடினா கீழ் சட்டத்துல மணல் மூட்டை ரெண்டு போட்டுடுங்க, வேகமா தைக்கறப்போ ஆட்டம் பாதி குறையும்.

மெஷின் விஷயத்துல உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். ஃப்ரேம்ல மெஷின் திரும்பி நிக்கும், ஊசி இருக்கிற முனை உங்களைப் பார்த்து இருக்கும். ஜுக்கில பாபின் போடற கதவு பக்கவாட்டுல இருக்கறதால அது நேரா உங்க முன்னாடி வந்துடும், க்வில்ட்டைத் தொடாமலே பாபின் மாத்தலாம். மேல இருந்து பாபின் போடற மெஷினா இருந்தா அந்த இடம் முழுக்க க்வில்ட்டுக்கு அடியில மாட்டிக்கும், ஒவ்வொரு பாபினுக்கும் பெரும்பாடு. கீழ துணியைத் தள்ளற பல்லை இறக்கிடுங்க, எந்தத் திசையிலயும் தைக்க விடற ஃப்ரீ மோஷன் ஃபுட் மாட்டுங்க, ஃபுட் அழுத்தத்தைக் குறைச்சிடுங்க, ஊசி 90க்கு 14 புதுசா போடுங்க. தைக்கறதுக்கு முன்னாடி ஃபுட் லிவர் கீழ இறங்கியிருக்கான்னு பார்க்கறதைப் பழக்கமாக்கிக்கணும், லிவர் மேல இருந்தா டென்ஷன் தட்டு திறந்தே இருக்கும், பின்பக்கம் நூல் கொத்து கொத்தா தொங்கும்.

லோடிங். பேக்கிங் துணி டாப்பைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் பெருசா வேணும், அதாவது உங்களுக்கு 68க்கு 88. இங்கதான் சேலை கைகொடுக்குது. 5½ மீட்டர் சேலைன்னா 216 அங்குலம், அகலம் 47 அங்குலம்னு வச்சுக்கலாம். பாதியா வெட்டி நீளப் பக்கத்தைச் சேர்த்து தைச்சா 93க்கு 108 வரும், ஒரே சேலையில பேக்கிங் முடிஞ்சுது, மிச்சமும் இருக்கு. ஆனா அந்த நடுத்தையல் ரெயிலுக்கு இணையா படுத்திருக்கணும். செங்குத்தா வந்தா ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துல தையல் மேல தையல் ஏறி சுருள் நடுவுல புடைச்சுக்கும், ரெண்டு ஓரமும் தொளதொளன்னு ஆகிடும். 80 அங்குலப் பக்கத்தை ரெயில்ல வைக்கச் சொன்னேன் இல்லயா, அப்படி வச்சா 108 அங்குல நீளத்துல 88 போதும், மூட்டு தானா ரெயிலுக்கு இணையா வந்துடும். சேலைக் கரை ஜரிகையா இருந்தா வெட்டி எடுத்துடுங்க, ஜரிகை ஊசி முனையை மழுக்கும், நூலையும் அறுக்கும். பழைய காட்டன் சேலை நெசவு தளர்வா இருக்கும், ஃப்ரேம்ல இழுக்கற இழுப்புக்குக் கோணிக்கும், அதனால துவைச்சு நல்லா ஸ்டார்ச் போட்டு அயர்ன் பண்ணி, மூலைமட்டம் வச்சு நேரா வெட்டி அப்புறம்தான் ஏத்தணும். சுங்குடி மாதிரி சாயம் போட்ட சேலைன்னா முன்னாடியே தனியா அலசிப் பாருங்க, தண்ணி தெளியற வரைக்கும்.

பேக்கிங்கோட ஒரு ஓரத்தை டேக்-அப் ரெயில்ல ஒட்டியிருக்கிற நீளப் பட்டையான லீடர் துணியில நடுவுல இருந்து ரெண்டு பக்கமா பின் பண்ணிக்கிட்டு போங்க, எதிர் ஓரத்தை பேக்கிங் ரெயில்ல. மேல பேட்டிங், அதுக்கு மேல டாப். உங்க ஃப்ரேம்ல மூணாவது ரெயில் இருக்கலாம், டாப்பை அதுல சுத்தச் சொல்வாங்க, நான் சொல்றது வேண்டாம், முதல் க்வில்ட்டுக்கு டாப்பைத் தொங்கவே விட்டுடுங்க. மேல் ஓரத்தை மட்டும் நேரா ஒரு தையல் போட்டு பேட்டிங்கோட பிடிச்சுட்டு மிச்சத்தை முன்பக்கம் சும்மா தொங்கவிட்டா, டாப்ல எங்கயாவது அளவு கோணல் இருந்தாலும் ஒவ்வொரு தடவை சுருட்டறப்போவும் கையால தடவி சரிபண்ணிக்கலாம். பழைய சேலைத் துண்டுகள்ல தைச்ச டாப்புக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஒவ்வொரு சேலையும் ஒவ்வொரு மாதிரி இழுபடும்.

இழுத்துக் கட்டறதுல எல்லாரும் அதிகமாத்தான் இழுக்கறாங்க. மேளத் தோல் மாதிரி இறுக்கிட்டா ஊசி வளையும், தையல் விட்டுப்போகும், நூல் அறுந்துகிட்டே இருக்கும். சரியான இறுக்கம் எதுன்னா, அடியில இருந்து ஒரு விரலால துணியை மேல தள்ளுங்க, மேல இருக்கிற கையால அந்த விரல் நுனியைத் துணியோட சேர்த்துப் பிடிக்க முடியணும். முடியலன்னா ரெயில் முனையில இருக்கிற பல்சக்கரத்துல ஒரு பல் தளர்த்துங்க. உயரமும் பார்க்கணும். க்வில்ட் மெஷின் தட்டுல உரசாமலும் ரொம்ப மேல நிக்காமலும் ஒரு விரல் கனம் இடைவெளி. சுருள் பெருசாக ஆக இந்த உயரம் தானா இறங்கிக்கிட்டே வரும், டேக்-அப் ரெயிலை ஏத்தற வசதி ஃப்ரேம்ல இருந்தா நாலஞ்சு சுத்துக்கு ஒருதரம் ஏத்தணும். பாதி க்வில்ட் வரைக்கும் அருமையா வந்த தையல் திடீர்னு விட்டுப்போக ஆரம்பிச்சா மெஷினைத் திட்டறதுக்கு முன்னாடி இந்த உயரத்தைப் பாருங்க.

வேகம். இதை எண்ணுல சொன்னா சீக்கிரம் புரியும். ஜுக்கி நிமிஷத்துக்கு 1500 தையல் வரைக்கும் போகும். ஒரு அங்குலத்துக்கு 10 தையல் விழணும்னா அந்த வேகத்துல உங்க கை செகண்டுக்கு 2½ அங்குலம் நகரணும், புதுசா பழகறவங்களுக்கு அது ரொம்ப அதிகம். மெஷின்லயே வேகத்தைக் கட்டுப்படுத்தற ஸ்லைடர் இருக்கு, பாதிக்குக் கொஞ்சம் மேல, 900 பக்கம் வச்சா கை செகண்டுக்கு 1½ அங்குலம் போனா போதும். அந்த நிலையில ஸ்லைடரை விட்டுட்டு பெடலை முழுசா அழுத்திடுங்க, கைப்பிடியில கன்ட்ரோல் இருந்தா அதையும் ஒரே இடத்துல வச்சுடுங்க. வேகம் மாறாது, கை மட்டும்தான் பழகணும். ரெண்டும் ஒரே நேரத்துல மாறினா எதனால தையல் கெட்டுதுன்னே கண்டுபிடிக்க முடியாது. ரொம்ப மெதுவாவும் வைக்காதீங்க, ஒரு அங்குலம் நகர எத்தனையோ நேரம் ஆச்சுன்னா கை நடுங்கற நடுக்கமெல்லாம் கோட்டுல தெரியும்.

ஸ்டிச் ரெகுலேட்டர் வாங்கட்டுமான்னு அடுத்து கேப்பீங்க. கேரேஜ் சக்கரத்தோட ஓட்டத்தை அளந்து அதுக்குத் தகுந்த மாதிரி மோட்டாரை ஓட்டற கருவி அது, வீட்டு மெஷினுக்கும் கிடைக்குது. நல்ல சாதனம், ஆனா கொஞ்சநாள் இல்லாம ஓட்டிப் பாருங்கன்னுதான் சொல்வேன். ரெகுலேட்டர் தையல் நீளத்தைத்தான் பார்த்துக்கும், வளைவை உருண்டையா போடறது உங்க கைதான். கை பழகினப்புறமும் தையல் சின்னதும் பெருசுமா உங்களை உறுத்திக்கிட்டே இருந்தா அப்ப வாங்குங்க, பெரிய மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

டென்ஷன்ல கொஞ்சம் நேரம் செலவழிங்க. பாபின் கேஸ்ல பாபினைப் போட்டு நூல் நுனியைப் பிடிச்சுத் தொங்கவிடுங்க. கேஸ் தானா சறுக்கி இறங்கக்கூடாது, மணிக்கட்டை லேசா ஒரு வெட்டு வெட்டினா ஒண்ணு ரெண்டு அங்குலம் இறங்கி நிக்கணும். இறங்கவே இல்லன்னா இறுக்கம், சரசரன்னு இறங்கினா தளர்வு, பக்கத்துல இருக்கிற சின்ன ஸ்க்ரூவை கடிகார முள் 5 நிமிஷம் நகர்ற அளவு மட்டும் திருப்பிட்டு மறுபடி பாருங்க. கீழ சரியானதும் மேல் டென்ஷனை டயல்ல பண்ணிக்கலாம். பாபின் நூல் மேல எட்டிப் பார்த்தா மேல இறுக்கம் அதிகம். பாபின் நூல் பின்பக்கம் நேர்க்கோடா கிடந்து மேல் நூல் அதைச் சுத்தி வளையமா தெரிஞ்சா மேல தளர்வு. ஆனா நேர்க்கோடெல்லாம் நல்லா இருந்து வளைவுல மட்டும் பின்பக்கம் நூல் கண் இமை மாதிரி கோடு கோடா இழுத்துகிட்டு நின்னா அது டயல் பிரச்சினை இல்ல, நீங்க வளைவுல வேகமா திரும்பறீங்க, ஊசி வளைஞ்சு நூல் இழுபடுது. வளைவுல கையைக் கொஞ்சம் அடக்குங்க, 100க்கு 16 ஊசி போட்டுப் பாருங்க.

ஃப்ரேம்ல மெஷின் திரும்பி நிக்கறதால இன்னொண்ணு நடக்கும். இடமிருந்து வலம் போறப்போ தையல் மணி மணியா விழும், வலமிருந்து இடம் வர்றப்போ லூசாகும், இல்ல நேர்மாறா. வீட்டு மெஷினெல்லாம் துணி ஒரே திசையில ஓடறதுக்குன்னு செஞ்சது, அதை நாம எட்டுத் திசையிலயும் ஓட்டறோம். அதனால பழகற துணியில முதல் வேலையா ரெண்டு திசையிலயும் கோடு போட்டு எந்தத் திசை உங்க மெஷினுக்குப் பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டு, வரிசை வரிசையா போற டிசைனை எப்பவும் அந்தத் திசையிலயே ஆரம்பிங்க.

பழகறதுக்கு மலிவான மஸ்லின் ரெண்டு மூணு கஜம் வாங்கி பேட்டிங்கோட லோட் பண்ணி, தினம் கால் மணி நேரம் தைங்க. அம்மா சேலை க்வில்ட்டை இப்பவே ஏத்தாதீங்க. முதல்ல எல் எழுத்தைத் தொடர்ந்து எழுதற மாதிரி சுழி, அப்புறம் மியாண்டர், அப்புறம் ரெண்டும் கலந்து. பேப்பர்ல பென்சிலை எடுக்காம 3½ அங்குல உயரத்துக்குள்ள வரைஞ்சு பழகறது தையலுக்குச் சமமான பயிற்சி, ஏன்னா தயங்கறது கை இல்ல, அடுத்து எங்க போறதுன்னு தெரியாத மூளைதான். ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் மேல் வரிசையோட பள்ளத்துக்குள்ள கீழ் வரிசையோட மேடு போய் உட்கார்ற மாதிரி போட்டீங்கன்னா எங்க சுருட்டினீங்கன்னே தெரியாது, நேர்க்கோடா வரிசை பிரிஞ்சு தெரியறதுதான் ஷார்ட் ஆர்ம் வேலையைக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி டிசைன், பெரிய இறகு மாலை, அதெல்லாம் ஆசை இருந்தா இந்த ஃப்ரேம்ல போராடாதீங்க. ஃப்ரேம்ல 4 அங்குலத்துக்கு ஒரு நீளத் தையல் போட்டு மூணு அடுக்கையும் ஒட்டிட்டு இறக்கி, அதே மெஷினை மேஜையில வச்சு துணியை நகர்த்தித் தைங்க, எந்தப் பக்கம் வேணா திருப்பலாம், சுருள் தொல்லை கிடையாது. மெஷின் வேலைன்னா மட்டம்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. கென்டக்கி பதூகாவுல நடக்கிற பெரிய க்வில்ட் போட்டியில 1989லயே மெஷின்ல க்வில்ட் பண்ணினது முதல் பரிசு வாங்கிடுச்சு, காரில் பிரையர் ஃபாலர்ட்ங்கறவங்களோட சூரிய கிரகண க்வில்ட்.

லாங் ஆர்ம் ஆசையையும் விட வேண்டாம். அமெரிக்காவுல நிறைய க்வில்ட் கடையில ஒரு வகுப்பு முடிச்சா மணிக்கணக்குல மெஷினை வாடகைக்குத் தர்றாங்க. கிங் சைஸ் வந்தா அங்க போய் தைச்சுக்குங்க, அறுபது எண்பது அளவு வரைக்கும் வீட்டுல உங்க ஃப்ரேம் போதும்.

கடைசியா, முடிச்சு இறக்கறதுக்கு முன்னாடி க்வில்ட்டுக்கு அடியில கையை விட்டு முழுக்க ஒருதரம் தடவிப் பாருங்க, பாபின் தீர்ந்தது தெரியாம ஓட்டின இடம், பேக்கிங் மடிஞ்ச இடம் எல்லாம் கண்ணைவிட கைக்கு முன்னாடி தெரியும், ஃப்ரேம்லயே இருக்கறப்போ சரிபண்றது சுலபம். ஓரம் தைச்சு முடிச்சதும் முதல் துவைப்பு பச்சைத் தண்ணில, சாயம் உறிஞ்சற ஷீட் ரெண்டு போட்டு. காட்டன் பேட்டிங் நூத்துக்கு மூணு முதல் அஞ்சு வரைக்கும் சுருங்கும், டாப் முழுக்க மெல்லிசா சுருக்கம் விழுந்து, ஃப்ரேம்ல இருந்தப்போ உங்களை உறுத்தின சின்னதும் பெருசுமான தையலெல்லாம் அதுக்குள்ள மறைஞ்சுடும்.